கப்பி மீனும் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்

அஸர் தொழுகைக்குப் பின் ஓத வரும் சிறுவர்களின் செருப்பு வரிசைக்கு அருகே, சில மாதங்களுக்கு முன் ஒருநாள் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. உள்ளே விரற்கடை அளவில் இரண்டு மீன்கள். ஒன்று சாம்பல் நிறம். மற்றொன்றின் வால் விசிறிபோல் விரிந்து செம்மையும் நீலமுமாக ஒளிர்ந்தது. வகுப்பு முடியும்வரை அந்தப் பாட்டிலுக்குரிய மாணவன் எழுத்தைப் பார்த்த நேரத்தைவிட வாசலைப் பார்த்த நேரமே மிகுதி. கடைவீதியில் வாங்கினானாம். வீட்டில் பாட்டியார், உயிரை அடைத்து வைப்பது பாவம், குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடு என்று கூறிவிட்டாராம். அதுபற்றி என்னிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று பாட்டிலோடு வந்துவிட்டான்.

அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சின்னஞ்சிறு பறவையை வளர்த்து வந்ததையும், அது இறந்துபோனபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அன்போடு அதுபற்றி விசாரித்ததையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அபூ உமைர், அனஸ் (ரலி) அவர்களின் தம்பி. பறவையை வளர்த்ததற்காக அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. பூனை ஒன்றைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், அது தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் முடிவையும் அதே நூல்களில்தான் காண்கிறோம். வளர்க்கலாம், வளர்த்தால் அதன் பொறுப்பு நம் கழுத்தில் என்பது இவ்விரண்டிலிருந்தும் விளங்கும். இதைத்தான் அவனிடம் சொன்னேன். ஆனால் குளத்தில் விடுவது பற்றி அவனுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மீனைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல இயலாது. அந்த மீனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், எங்கள் ஊரின் ஒரு கோடைக்காலத்தைச் சொல்லாமல் இருக்கவும் இயலாது.

அம்மீனின் பெயர் கப்பி. தாயகம் தென் அமெரிக்காவின் வடகரை. வெனிசுலா, கயானா நாடுகளின் ஓடைகளும், கரைக்கு அப்பாலுள்ள டிரினிடாட் தீவின் ஆறுகளும் அதன் பிறப்பிடங்கள். 1859 ஆம் ஆண்டில் பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெனிசுலாவிலிருந்து வந்த மீன்களைக் கொண்டு இதனை முதலில் விவரித்தார். ஏழாண்டுகள் கழித்து, 1866 இல், டிரினிடாட்டில் வாழ்ந்த ராபர்ட் கப்பி என்பவர் லண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பிய மீன்களுக்கு அங்கிருந்தவர் அவர் பெயரையே இட்டுவிட்டார். பின்னாளில் அறிவியற்பெயர் மாறிவிட்ட போதிலும் மக்கள் வாயில் கப்பி நிலைத்துவிட்டது. அந்தக் கப்பி அவர்கள் தொழிலால் பள்ளிகளை மேற்பார்வையிடும் ஆய்வாளர். பள்ளிக்கு ஆய்வாளர் வருகிறார் என்றாலே நடுங்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு, மீன் பிடித்துக் கொண்டிருந்த ஓர் ஆய்வாளரை எண்ணிப் பார்ப்பதில் ஒரு சிறு ஆறுதல்!

கப்பி முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இருபது, முப்பது, சில வேளை அதற்கும் மேலான குஞ்சுகளை நீந்தும் நிலையிலேயே பெற்றுவிடும். ஒருமுறை இணைந்த பெண்மீன், ஆணின் துணையின்றியே பல மாதங்கள் தொடர்ந்து குஞ்சு பொரிக்க வல்லது. இரண்டு மூன்று மாதங்களில் குஞ்சுகளும் தாயாகிவிடும். ஆணின் வண்ணத்திற்குப் பின்னும் ஒரு செய்தி இருக்கிறது. ஜான் எண்ட்லர் என்னும் ஆய்வாளர் டிரினிடாட்டின் ஓடைகளை ஆராய்ந்து 1980 இல் வெளியிட்ட கட்டுரையில், தின்னும் பெருமீன்கள் நிறைந்த நீரில் ஆண் கப்பிகள் மங்கிய நிறத்திலும், பகையற்ற நீரில் பகட்டான நிறத்திலும் இருப்பதை எடுத்துக்காட்டினார். பெண்ணைக் கவரும் அதே வண்ணம் பகைவனையும் அழைத்து வந்துவிடுகிறது. கண்ணாடித் தொட்டியில் நாம் காணும் பெரிய வாலுடைய கப்பிகளோ மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. சென்னைக் கொளத்தூரில் இத்தகைய வண்ணமீன்களைப் பெருக்கி விற்பதே பல குடும்பங்களின் பிழைப்பு.

இம்மீன் இந்தியாவிற்கு அழகுக்காக மட்டும் வரவில்லை. ஆங்கிலேயர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொசுவின் புழுக்களைத் தின்பதற்கென்றே கொண்டுவரப்பட்டது. வட அமெரிக்காவைச் சேர்ந்த கம்பூசியா என்னும் மீனும் அதே வேலைக்காக 1928 இல் இத்தாலியிலிருந்து வந்தது. ஒரு கப்பி ஒருநாளில் எண்பது முதல் நூறு புழுக்கள்வரை தின்னும் என்பது அரசின் கொசு ஒழிப்புத் துறையினர் தரும் கணக்கு. அதன் வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதைக் கவனியுங்கள். கொசுப்புழு மூச்சுவிட நீரின் மேற்பரப்பிற்கு வந்து தலைகீழாகத் தொங்கியாக வேண்டும். இரை எங்கு வந்து நிற்கிறதோ, அங்கு திறந்திருக்கிறது இதன் வாய்.

அந்தக் கோடை

2012 ஆம் ஆண்டின் கோடையைக் கடையநல்லூர்க்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார். அன்று எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 இல்தான். டெங்குக் காய்ச்சல் தெருத்தெருவாகப் புகுந்தது. நாளேடுகளின் முதற்பக்கத்தில் ஊரின் பெயர் நாள்தோறும் வந்தது. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார்கள். பாளையங்கோட்டை மருத்துவமனைக்குச் சென்ற வண்டிகள் எத்தனை! திரும்பி வந்த மையித்துகள் எத்தனை! புகை அடிப்பவர்களும், நிலவேம்புக் குடிநீர் கொடுப்பவர்களும், வீடுவீடாகத் தொட்டிகளை எட்டிப் பார்ப்பவர்களுமாக ஊரே ஒரு முகாம்போல ஆயிற்று.

எங்கள் மதரஸாவில் யாஸீன் சூராவை மனனம் செய்துகொண்டிருந்த ஒரு சிறுமி காய்ச்சலென்று நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் அவளுடைய ஜனாஸாச் செய்தி வந்தது. அதற்கு அடுத்த வாரம், தொட்டி பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர் நாங்கள் ஒளுச் செய்யும் ஹவுளில் கைவிளக்கை அடித்து என்னை அழைத்துக் காட்டினார். தெளிந்த நீர். குடிக்கலாம் போன்ற நீர். அதில் நூற்றுக்கணக்கில் நெளிந்தன. அந்த ஹவுளில்தான் அவளும் நாள்தோறும் கைகால் கழுவினாள். இங்கு பிறந்த கொசுதான் அவளைக் கடித்தது என்று எவராலும் கூற இயலாது. இல்லை என்றும் கூற இயலாது. நான் அன்றுவரை கொசு என்றால் சாக்கடை என்றே எண்ணியிருந்தேன். ஓர் ஆசிரியன் அப்படி எண்ணியிருந்தது இன்றும் என்னை உறுத்துகிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் சேமித்து வைக்கும் நல்ல நீரையே நாடும். பகலில் கடிக்கும், விடிந்த பின்னும், பொழுது சாயும் முன்னும் அதற்குச் சுறுசுறுப்பு மிகுதி. கட்டிலின் அடியிலும், தொங்கவிட்ட துணிகளின் பின்னும், இருண்ட மூலைகளிலும் ஒதுங்கியிருக்கும். தறி ஓடிய பழைய வீடுகள் நிறைந்த எங்கள் ஊரில் இருண்ட மூலைகளுக்கா பஞ்சம்? குழாயில் நாள் தவறி நீர் வரும் ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் சிமெண்டுத் தொட்டி, டிரம், அண்டா, குடம் என்று நீர் நிறைந்தே இருக்கும். முட்டை புழுவாகி, கூடாகி, கொசுவாகப் பறப்பதற்கு எட்டுப் பத்து நாள்கள் போதும். நீரை இறைத்துவிட்டால் போதுமென்று எண்ணுவதும் தவறு. முட்டைகள் நீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த முறை நீர் நிரம்பியதும் பொரியும். ஆகவேதான் வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும், தோல்பைகளின் வாயைக் கட்டி வைக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இந்த ஹதீஸை நான் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஹவுளுக்கு மட்டும் மூடியில்லை. ஆக, மூடக்கூடிய எதையும் முதலில் மூடுங்கள். டிரம்மின் வாயில் துணியை இறுகக் கட்டுங்கள். மூட இயலாத, வாரந்தோறும் இறைத்துக் கழுவவும் இயலாத தொட்டிக்குத்தான் மீன்.

ஹவுளில் மீன் விடலாமா?

ஹவுளில் கப்பி விடலாம் என்று நான் சொன்னபோது ஜமாஅத்தில் ஒரு பெரியவர் தயங்கினார். மீன் கழியும், சாகும். அந்த நீரில் ஒளு கூடுமா என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். மீன் உயிரோடிருக்கும்போதும் தூய்மையானது. செத்த மீனும் அசுத்தமன்று. மீன் நீரில் சாவதால் நீர் கெட்டுவிடாது என்பதில் நம் இரு மத்ஹபினருக்கும் வேறுபாடு இல்லை. ஹவுள் என்பதே பெருநீர். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத், ஹனஃபீ மத்ஹபில் பத்து முழத்திற்குப் பத்து முழம் என்னும் அளவுகளை ஓதியவர்கள் அறிவார்கள். மீன் செத்து நாறும்வரை விட்டு வைப்பது நம் சோம்பலே. கண்டவுடன் எடுத்துவிட வேண்டும். வீட்டிலுள்ள சிறு தொட்டிகளைப் பற்றி ஐயம் எழுந்தால் தம் மஹல்லா இமாமிடம் கேட்டுத் தெளிவது நலம். குடிநீர்த் தொட்டியில் மீன் வேண்டா. அதற்கு மூடியே தகுந்தது.

பெரியவர் ஒப்புக்கொண்டார். நான்தான் தோற்றேன். கடையில் முப்பது கப்பிகள் வாங்கி வந்து, புதிதாக நிரப்பிய ஹவுளில் அப்படியே கொட்டினேன். மறுநாள் ஸுபுஹுக்கு வந்தவர்கள் முப்பதையும் மிதக்கக் கண்டார்கள். குழாய் நீரில் கலந்திருந்த குளோரின் அவற்றின் செவுளை எரித்துவிட்டது. மனிதனுக்கு நோய் வராமலிருக்கக் கலப்பது மீனுக்கு நஞ்சு. பிளீச்சிங் பவுடர் போடும் தொட்டியில் மீன் வாழாது. மீன் விட்ட தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடலாகாது. இவ்வெளிய செய்தி எனக்கு முப்பது உயிர்களின் விலையில் தெரிய வந்தது. பூனைக்காரியின் ஹதீஸ் அன்று முழுதும் நினைவிலிருந்து அகலவில்லை.

இரண்டாம் முறை நீரை இரண்டு நாள் வெயில்படத் திறந்து வைத்தேன். மீன் இருந்த பையை அரை மணி நேரம் ஹவுளிலேயே மிதக்கவிட்டு, ஹவுள் நீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் சேர்த்து, பின்னரே மீன்களை விட்டேன். விலையுயர்ந்த பெரிய வால் மீன்கள் வேண்டா. அவை மெல்ல நீந்துபவை, நலிந்தவை. சாம்பல் நிறத்துச் சாதாரணக் கப்பிகளே உழைப்பாளிகள். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற அளவில் விட வேண்டும். இல்லையேல் ஆண்கள் துரத்தித் துரத்திப் பெண்மீனை ஓயவிடாது. புழு தின்ன வேண்டிய தொட்டியில் வேளைதோறும் தீனி போடுவதும் பிழை. வயிறு நிறைந்த காவலாளி உறங்குவான் அல்லவா? எட்டாம் நாள் கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். ஒரு நெளிவும் இல்லை. அன்று தொட்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த விளக்கு அடிக்கப்படுகிறது.

பிள்ளைகளுக்காகக் கண்ணாடித் தொட்டி வைப்பவர்களுக்கும் சில சொற்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ ஐம்பத்தாறு லிட்டர் கொள்ளும். கப்பிக்கு அது தாராளம். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் மீனை வைப்பதை நான் விரும்புவதில்லை. அழகு நமக்கு, மூச்சுத்திணறல் அதற்கு. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் உருவாகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே முதல் நாளே இருபது மீன் விடாமல் நான்கைந்தோடு தொடங்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் தீனியே அளவு. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினால் போதும்; மொத்தமாகக் கொட்டிக் கழுவுவது அந்த நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். கப்பி தன் குஞ்சையே தின்னும் இயல்புடையது. வேலம்பாசி சிறிது போட்டால் குஞ்சுகள் ஒளிந்து பிழைக்கும். எங்கள் ஊர் வெப்பத்திற்குச் சூடேற்றும் கருவி தேவையே இல்லை. குற்றாலச் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில்கூட அவை நலமாகவே இருக்கின்றன.

மீன் விட்டாயிற்று, இனி டெங்கு வாராது என்று யாரும் இருந்துவிட வேண்டா. கொல்லையில் கிடக்கும் சிரட்டையிலும், பழைய டயரிலும், ஆட்டுரல் குழியிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டிலும் மீன் வாழாது, கொசு வாழும். சிங்கப்பூரில் இருக்கும் நம்மூர் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். பூச்சாடித் தட்டில் தேங்கிய நீரில் புழு கண்டால் அங்கு வீட்டுக்காரருக்கு அபராதம். இங்கோ, வெளிநாடு சென்றவர்கள் பூட்டிச் சென்ற வீடுகளின் நிலத்தடித் தொட்டியையும் மொட்டைமாடியையும் யார் பார்க்கிறார்கள்? ஒரு தெருவில் அத்தகைய வீடு ஒன்றிருந்தால் தெரு முழுவதும் கழுவி வைத்ததன் பயன் பாதியாகிவிடும். தெருவுக்குள்ளே பறந்து சென்று கடிக்க அக்கொசுவால் இயலும். ஊருக்கு வரும்போது மொசைக் தரை பளபளக்க வேண்டும் என்று கவலைப்படுகிறோம். தொட்டியின் மூடியைப் பற்றிக் கவலைப்படுவோர் சிலரே.

குளத்தில் ஏன் விடலாகாது

இனி, பாட்டிலோடு வந்த மாணவனின் கேள்வி. பாட்டியாரின் இரக்கம் மெய்யானது. ஆனால் கப்பியைக் குளத்தில் விடுவது இரக்கமாகாது.

எங்கள் ஊர்க் குளங்கள் தனித்து நிற்பவை அல்ல. கருப்பாநதியின் நீர் கால்வாய்களிலும் குளங்களிலும் பாய்ந்து, சிற்றாற்றோடும் அதன் வழியே தாமிரபரணியோடும் உறவு கொண்டது. ஒரு குளத்தில் விட்டது ஒரு வெள்ளத்தில் ஆற்றைச் சென்றடையும். ஒரு பெண் கப்பி போதும், ஓர் ஓடை நிறைய. அது கொசுப்புழுவை மட்டும் தின்பதில்லை. பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் இரையையும் சேர்த்தே தின்னும். தாமிரபரணியில் மட்டுமே வாழும் ஒரு கெண்டை இனம் உண்டு. ஆணின் முதுகுத்துடுப்பு நூலிழைகளாக நீண்டு விரியும். அதன் அறிவியற்பெயரிலேயே தாமிரபரணியின் பெயர் இருக்கிறது. அயல்நாடுகளில் அதைத் தேடிப் பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள். நாமோ அதன் வீட்டில் அயல்நாட்டு மீனைக் கொண்டுபோய்க் குடியேற்றுகிறோம்.

முன் நடந்ததும் நமக்குத் தெரிந்ததே. 1952 இல் வளர்ப்பதற்கென்று இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலேப்பியாதான் இன்று ஜிலேபி மீன் என்ற பெயரில் தமிழ்நாட்டுக் குளமெல்லாம் நிறைந்து, நாட்டு மீன்களை ஒதுக்கிவிட்டது. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னும் என்று சிறு குஞ்சாக விற்கப்படும் சக்கர் மீன் கப்பியைப் போலவே தென் அமெரிக்காவினது. ஓரடிக்கும் மேல் வளர்ந்து, தொட்டி கொள்ளாமற்போனதும் நம்மவர் அதைக் குளத்தில் எறிந்துவிடுகிறார்கள். உடலெல்லாம் முள்ளோடு கூடிய தகடு, வலை கிழியும், கரையைக் குடைந்து முட்டையிடும், நீர் வற்றினாலும் காற்றை விழுங்கிப் பல மணி நேரம் பிழைத்திருக்கும், சந்தையில் வாங்குவார் இல்லை. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், வங்காளம் எனப் பல இடங்களில் மீனவர்களுக்கு இது தீராத தலைவலியாகிவிட்டது. 2018 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் கேரளத்துச் சாலக்குடி ஆற்றில் அமேசான் நதியின் அரபைமா என்னும் பெருமீன் வலையில் சிக்கியது. யாரோ வளர்த்த தொட்டியோ குட்டையோ உடைந்து வந்ததுதான்.

கிணறு, குளம், வாய்க்கால் போன்ற திறந்த நீர்நிலைகளில் கொசுப்புழுவை அடக்க நம் மண்ணிலேயே மீன் உண்டு. நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் மின்னிக்கொண்டு, நீரின் மேற்பரப்பிலேயே திரியும் சிறு மீனை வயல் வாய்க்கால்களில் கண்டிருப்பீர்கள். மலைக்கு அப்பால் மலையாளத்தார் அதை மானத்துக்கண்ணி என்பர். வானத்தையே பார்த்திருக்கும் கண்ணுடையது என்று பொருள். அதுவும் கொசுப்புழுவை விரும்பித் தின்னும். வாய்க்காலுக்கு அது போதும். கப்பி, சிமெண்டுச் சுவர் நான்கிற்குள் இருக்க வேண்டியது. தொட்டியைக் கழுவும்போதுகூட நீரை வலைத்துணியில் வடித்தே சாக்கடையில் விட வேண்டும். வளர்க்க இயலாமற்போனால், வளர்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிடலாம். கடைக்காரர்களும் பெரும்பாலும் திரும்ப வாங்கிக் கொள்கிறார்கள்.

இவற்றை அவன் பாட்டியாரிடம் எந்த அளவு சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. கொல்லையிலுள்ள பழைய சிமெண்டுத் தொட்டியில் விட அவர் இசைந்துவிட்டாராம். பாசி படிந்த அத்தொட்டியின் நீர் பாத்திரம் கழுவ மட்டுமே பயன்படுவது. சென்ற வாரம் அதே பாட்டில் மீண்டும் செருப்பு வரிசைக்கு அருகே இருந்தது. உள்ளே இமைமயிர் அளவே உள்ள பதினொரு குஞ்சுகள். ஹவுளுக்குக் கொண்டு வந்ததாகச் சொன்னான். ஹவுளில் போதிய மீன்கள் இருக்கின்றன. அடுத்த தெருவில் மூன்றாண்டுகளாகப் பூட்டியே கிடக்கும் ஒரு வீட்டில் பெரிய நிலத்தடித் தொட்டி இருக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போது விசாரித்துக் கொண்டிருக்கிறோம்.